முனியாண்டி எழுதிய மஞ்சள் தாள்

முனியாண்டி போய்விட்டார். இன்று காலை, கிள்ளானில், வேலைக்குக் கிளம்பி ஹெல்மெட்டை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

என்னைவிட ஆறு வயது இளையவர்...

அவர் வீட்டுக்குப் போய் வந்து, குளித்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன். பயம்தான், வேறென்ன.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் கிடங்கு கிளார்க். நான் லோரிகளை அனுப்பும் மேசை. ஓய்வு வயது தாண்டியும், வருடா வருடம் கான்ட்ராக்டில் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் கம்பெனி முழுக்க 'எஜைல்' என்றார்கள். ஐ.டி. பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. கிடங்கு, லோரி, கிளார்க், கேட்டில் காவல் நிற்கும் ஜாகா வரை எல்லாருக்கும்.

அகராதியில் பார்த்தேன், சுறுசுறுப்பு என்று போட்டிருந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான், ஆங்கிலத்தை லோரித் தாள்களைப் பார்த்தே படித்துக்கொண்டவன். சுறுசுறுப்பு இல்லாமலா இத்தனை வருடம் கன்டெய்னர் எல்லாம் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது? அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

தினமும் காலையில் வெள்ளைப் பலகைக்கு முன்னால் கால்மணி நேரம் நின்றுகொண்டே பேச வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், உன்னை எது தடுக்கிறது.

முதல் நாள் என் முறை வந்தபோது "முட்டிதான் தடுக்குது" என்றேன். முனியாண்டிதான் முதலில் சிரித்தார். "அண்ணே, அதையும் எழுதி ஒட்டிடவா?"

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 'ரெட்ரோ'. எது சரியில்லையோ அதை மஞ்சள் தாளில் எழுதி ஒட்ட வேண்டும். பெயர் போட வேண்டாம், பயப்பட வேண்டாம் என்றார் கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அம்மா.

அந்த அம்மா நல்லவர். அவர் காரில் ஏறிப் போனதும் எங்கள் மேனேஜர் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்தார்.

மறுநாள் ஒரு டிரைவரைக் கூப்பிட்டு, அவர் நிரப்பிய லோரித் தாளைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, "இது உன் எழுத்துதானே?" என்று கேட்டார்.

அடுத்த ரெட்ரோவில் எல்லாத் தாளிலும் 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்றே இருந்தது. கேன்டீன் தே ஓ, அந்தப் பால் இல்லாத தேநீர், நன்றாக இருக்கிறது என்றுகூட ஒருவர் எழுதி ஒட்டினார். அது நான்தான்.

அதற்குப் பிறகுதான் முனியாண்டி அந்த வேலையை ஆரம்பித்தார். பத்து மணி டீ நேரத்தில் பேன்ட்ரி மூலையில் உட்காருவார். ஒவ்வொருவராகப் போய் அவர் காதில் சொல்வோம். எல்லாவற்றையும் அவரே எழுதுவார், ஒரே கறுப்பு மார்க்கரில், கொட்டை எழுத்தில்.

"ஏன் எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கு?" என்று பயிற்சியாளர் அம்மா கேட்டார்.

"மத்தவங்க எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு மிஸ்."

எல்லாரும் சிரித்தோம். மேனேஜர் சிரிக்கவில்லை.

ஒரு நாள் நானும் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் வாசலில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, சூப்பர்வைசர் வண்டியைப் பார்க்காமலேயே தினமும் செக்கிங் தாளில் கையெழுத்துப் போடுகிறார். அதைச் சொன்னேன்.

"இது கொஞ்சம் சூடா இருக்கே அண்ணே. எழுதிடவா?"

"எழுது."

"பயமா இல்லையா?"

"நீதானே எழுதுற."

விளையாட்டாகத்தான் சொன்னேன். விளையாட்டாகத்தானா...

மேனேஜர் அந்தத் தாளைப் பலகையிலிருந்து பிய்த்து எடுத்தார். "யாரு இது?" என்றார். அறையில் பதினெட்டுப் பேர். நான் காலில் போட்டிருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் எழுதினேன் பாஸ்," என்றார் முனியாண்டி.

அந்த வாரமே ஃபோர்க்லிஃப்ட்டுக்குப் புது பிரேக் வந்தது. அடுத்த மாதம் முனியாண்டியை செமினி கிடங்குக்கு மாற்றினார்கள். புது டீம், நல்ல வாய்ப்பு என்றார்கள். கை தட்டச் சொன்னார்கள். நானும் தட்டினேன்.

கிள்ளானிலிருந்து செமினிக்கு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், தினமும், மோட்டார் சைக்கிளில்.

அந்தத் தூரம்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் பாசாரில் பார்த்தபோது கேட்டேன். "நான் போய் சொல்லிடவா, முனியாண்டி?"

"சும்மா இருங்கண்ணே. நான் பெர்மனன்ட் லா, என்னை என்ன பண்ணிடுவாங்க? உங்களுக்குத்தான் கான்ட்ராக்ட்." கீரைக் கட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "செமினியில கோழிச்சோறு நல்லா இருக்கு. ஒரு நாள் வாங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். செமினிக்கு நான் ஒரு நாளும் போகவில்லை.

இன்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க கூடவே இருந்தீங்க. இவரு என்ன தப்பு பண்ணாருன்னு அவ்வளவு தூரம் அனுப்பிச்சாங்க? கேட்டா சிரிப்பாரு, சொல்லவே மாட்டாரு..."

வீடு முழுக்கக் கம்பெனி ஆட்கள். வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், மேனேஜர். "ஒன்னும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் என் கான்ட்ராக்ட் முடிகிறது. மேனேஜர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார். தமிழும் படிப்பார்.

"போடாதீங்கப்பா, யோசிங்க" என்று மகள் பக்கத்திலேயே நிற்கிறாள். மூன்று வருடம் யோசித்தாயிற்று.

தங்கச்சி, உன் வீட்டுக்காரர் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த மஞ்சள் தாளில் இருந்தது நான் சொன்னது. யார் என்று கேட்டபோது அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

இதை அழிக்க மாட்டேன். யார் போன் செய்தாலும்.

போய் வா, முனியாண்டி. நாளைக் காலை உன்னை எடுக்கும்போது வருகிறேன். மேனேஜரும் இருப்பார்...

வருகிறேன்.