சோடாக்கடை நாகராஜன் கேட்ட குரல்

பாகூர் கடைத்தெருவில் நாகராஜனின் சோடாக்கடையில் சோடா குடிக்காதவர்கள் இருக்கலாம். அங்கே கேஸ் உருளை வெடித்த சத்தத்தைக் கேட்காதவர்கள் யாருமில்லை. அறுபத்தொன்பதாம் வருஷம், சித்திரை வெயிலில் வெடித்தது. கிருமாம்பாக்கம் வரைக்கும் கேட்டதாம். நாகராஜன் கடைசியாகக் கேட்டதும் அதைத்தான்.

இரண்டு காதிலும் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார். அடுத்த வருஷம் அவனுக்குக் கல்யாணம். அதனால் எட்டு வருஷமாகக் கூடவே இருக்கிற பெண்டாட்டியின் குரல் கனமா மெல்லிசா, தொண்டையிலிருந்து வருமா மூக்கிலிருந்து வருமா, எதுவும் அவனுக்குத் தெரியாது.

தனக்கொடி அவனிடம் கையாலும் கண்ணாலும்தான் பேசுவாள். அதில் கெட்டிக்காரி. ஒருமுறை கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் ரேஷன் கார்டுக்காகப் புருஷன் பெயரைக் கேட்டார்கள். பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லலாமா? கையைப் படமெடுத்த பாம்பாகத் தூக்கிக் காட்டினாள். பிறகு தலையில் கிரீடம் வைத்துக்கொள்வதுபோல் காட்டினாள். "சுப்பிரமணியா?" என்றாராம் குமாஸ்தா. வரிசையில் நின்ற சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அப்படிப்பட்டவள்தான் கடையில் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று என்னமோ சொல்வாள். சோடா குடிக்க வந்தவர்கள் சிரிப்பார்கள். அவன் திரும்பினால் வாயை மூடிக்கொள்வாள். செவிடனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று திட்டுகிறாளோ? யாரைப் போய்க் கேட்பது? எட்டு வருஷமாக அந்தச் சந்தேகம் சோடா பாட்டிலின் கழுத்தில் மாட்டிய கோலி மாதிரி, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது.

எழுபத்தெட்டு மார்கழியில் மைக்செட் பலராமன் கடைக்கு வந்தான். கல்லாப்பெட்டி மேல் கிடந்த சிலேட்டை எடுத்து எழுதினான்: 'பாண்டில வெள்ளக்காரப் பசங்க நாடகம். ராக்காம். என் ஸ்பீக்கர் பெட்டி அத்தினியும் கேக்கறாங்க. அந்தச் சத்தம் உனக்கே கேக்கும், வா.'

'ராக்' என்றால் ராகத்தைத்தான் சுருக்கி எழுதியிருக்கிறான் என்று நினைத்தான் நாகராஜன். ராகம் போட்டுப் பாடுகிற நாடகம் என்றால் கூத்துதானே? கூத்துக்காரன் தொண்டை கட்டும்போது மேடையேறிச் சோடா உடைத்துக் கொடுப்பது அவன் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்து வழக்கம். ஒரு பெட்டி பன்னீர் சோடாவையும் பலராமனின் டெம்போவில் ஏற்றிக்கொண்டான். தனக்கொடி கையை ஆட்டி வழியனுப்பினாள். டெம்போ திரும்பும்போது அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாளோ!

கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்டபம். விளக்கெல்லாம் அணைந்து, நீல வெளிச்சம் மட்டும் மேடையில் தண்ணீராக நிரம்பியது. புகை தரையோடு தவழ்ந்தது. வெள்ளிச் சரிகை உடுத்திய ஒரு பெண் அதில் மிதந்து வந்தாள். கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மோகினிதான் என்று முடிவு கட்டினான் நாகராஜன். அவள் பின்னாலேயே தோள்வரை முடி வளர்த்த ஒரு பையன் கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டு போனான். முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இவனுக்கோ எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற கனவாக இருந்தது. நெஞ்செலும்பில் மட்டும் யாரோ மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

பையனின் தொண்டையைப் பார்த்தான். இன்னும் ரெண்டு பாட்டுப் பாடினால் கட்டிவிடும் என்று சோடாக்காரனுக்குத் தெரியாதா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பாட்டிலோடு நேராக மேடையேறிவிட்டான். பலராமன் கையைப் பிடிப்பதற்குள் காரியம் மிஞ்சிப்போனது. மைக் முன்னால் நின்று கோலியை அமுக்கினான். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்க அதிர, சனம் எழுந்து நின்று கை தட்டியது. நாடகத்தில் அதுவும் ஒரு கட்டம் என்று நினைத்துவிட்டார்கள். பையன் கொஞ்சம் திகைத்தான். அப்புறம் வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, இவன் தோளைத் தட்டி, விட்ட இடத்திலிருந்து பாடினான்.

இறங்க வழி தெரியாமல் நாகராஜன் மேடை ஓரத்தில் பலராமனின் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டிப் பதுங்கினான். களைப்பில் தலையை அந்தப் பலகையில் சாய்த்தான்.

குரல் கேட்டது.

காது வழியாக வரவில்லை. நெற்றி வழியாக, தாடை வழியாக, பல் வழியாக வந்தது. பாஷை புரியவில்லை. ஆனால் அது மனுஷக் குரல், பாட்டு, மேலே ஏறுகிறது, இறங்குகிறது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு! தலையை எடுத்தான், போய்விட்டது. வைத்தான், வந்துவிட்டது. நாடகம் முடிகிறவரை அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல் கண்ணீர் வழிய நின்றான். ஊர் திரும்பும்போது டெம்போவின் மரச்சட்டத்தில் மோவாயை வைத்துக்கொண்டான். எஞ்சின்கூடப் பாடியது. மரத்தின் வழியாக வருகிறது, எலும்பின் வழியாக வராதா என்று அப்போதுதான் தோன்றியது.

மறுநாள் மத்தியானம் கடையில் ஈ காக்கை இல்லை. நாகராஜன் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இங்க வாயேன். உன் மோவாய என் தலமேல வச்சிகினு எதுனா பேசு."

தனக்கொடி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டினாள்: கிறுக்கு பிடித்துவிட்டதா?

"வைய்யிடி, சொல்றன்ல."

பின்னால் வந்து குனிந்து வைத்தாள். முதலில் அவள் சிரிப்பு மண்டைக்குள் குலுங்கியது. அப்புறம் குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கனம். அவன் நினைத்துப் பார்த்த நூறு குரலில் ஒன்றுகூட அது இல்லை.

"நாகராஜா! ஏ நாகராஜா! பாண்டிக்குப் போயி மண்ட கொழம்பிப் போச்சாடா உனுக்கு? டீ போடட்டா, என் நாகராஜா?"

அவன் அசையவில்லை. இதற்குத்தானா கடைக்கு வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்! எட்டு வருஷமாக முதுகுக்குப் பின்னால் நடந்தது இதுதானா! ஊரில் எந்தப் பெண்ணுக்கும் இல்லாத சுதந்திரத்தை இவள் அவனுடைய செவிட்டுக் காதில் கண்டுபிடித்து, ஆசை தீர அனுபவித்திருக்கிறாள். அம்மா போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லி இத்தனை பிரியமாக யாரும் அழைத்ததில்லை.

தனக்கொடி முன்னால் வந்து நின்று, காதைத் தொட்டுக் கையை விரித்தாள்: கேட்டதா?

கேட்டது என்று சொல்லிவிட்டால், நாளையிலிருந்து மறுபடியும் அந்தப் பாம்புக் கைதான்.

நாகராஜன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இல்லையென்று தலையாட்டினான்.

"ஒண்ணும் கேக்கல. இன்னொரு தபா சொல்லு."