சீசன் வீடும் மகளின் படிப்பும்

குற்றாலத்தில் எங்களுக்கு ஒரு சொந்த வீடு உண்டு. வருடா வருடம் வைகாசி முடிவதற்குள் வெள்ளையடித்து, சீசனுக்கு வருகிறவர்களுக்கு அதை விட்டுவிட்டு, நாங்கள் பின்பக்கத்து மாட்டுக்கொட்டகைக்குக் குடிபோவோம். அந்த வாடகையில்தான் எங்கள் வருடம் ஓடும்.

என் மகள் செல்வி எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வருடம் ஆனி பிறந்தும் சாரல் விழவில்லை. வீடு பூட்டியே கிடந்தது. பாளையங்கோட்டைக் கல்லூரியிலோ பணம் கட்டும் கெடு நெருங்கியது.

“சாரல் விழட்டும், ஆள் வரும். இல்லைன்னா அடுத்த வருசம் சேத்துக்கிடலாம்” என்றார் என் கணவர்.

அந்த நேரத்தில், தென்காசிப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த இரண்டு டீச்சர்கள் வருட வாடகைக்கு வீடு கேட்டு வந்தார்கள்.

“சீசன் வீட்டை அப்படி விடுததில்ல” என்று அவர்களை இவர் அனுப்பப் பார்த்தார். நான் குறுக்கே புகுந்து சாவியைக் கொடுத்து அட்வான்ஸை வாங்கினேன். மறுநாளே செல்வியைப் பி.யு.சி.யில் சேர்த்தேன்.

ஊர் திரும்பினால் சாரல் கொட்டுகிறது! வழக்கமாக வரும் மதுரைக் குடும்பம் மூட்டை முடிச்சுகளோடு வாசலில் நிற்கிறது.

“ஏட்டி, வந்த லட்சுமியை விரட்டிட்டியே!” என்று குதித்தார் இவர்.

“நீங்க சாரலுக்குக் காத்திருப்பிய. காலேஜ் காத்திருக்குமா?” என்றேன்.

செல்வி இப்போது பி.ஏ. படிக்கிறாள். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள்தான். கொட்டகைக்குச் சுவர் வைத்து நாங்கள் அதிலேயே தங்கிவிட்டோம். டீச்சர்கள் தரும் வாடகை குறைவுதான்; ஆனால் மாதம் தவறுவதில்லை.

முன்பெல்லாம் ஆனி பிறந்தால் மலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது நான் மேகம் பார்ப்பது, காயப்போட்ட துணியை எடுக்க மட்டும்தான்.