அவர் பெயரில் இருந்த வரைபடங்கள்

குடிநீர் அலுவலகத்தில் அவளைச் 'சாவிக்காரி' என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு பேர் பங்குபோட்டு வேலை பார்க்கும் பெரிய கணினியில் யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், யார் திருத்தலாம் என்று முடிவு செய்வது அவள் வேலை. அவள் கணவர் அதே அலுவலகத்தின் மாடியில் நிலத்தடிக் குழாய்களுக்கு வரைபடம் போட்டவர். மாரடைப்பில் அவர் போய் இரண்டு வாரத்தில் அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். "ஒருவாட்டி வாய்விட்டு அழுதுடுங்க அண்ணி" என்று நாத்தனார் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். அழுகை வந்தால்தானே.

அன்று காலை குழாய் மேஸ்திரி போன் செய்தார்.

"அம்மா, மெயின் குழாய் வெடிச்சிடுச்சு. முழங்கால் தண்ணியில நிக்கிறோம், வால்வு எங்கன்னு தெரியல. படம் சார் ஃபோல்டர்ல இருக்கு. மாடியில யார் தொட்டாலும் அனுமதி இல்லைன்னு வருதாம்."

அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ கை தவறிக் கணவருடைய ஒரு மாத உழைப்பை அழித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து குதியோ குதியென்று குதித்தார்.

"என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. நீ கூட!"

"நான் திறக்க முடியாத பூட்டை இனிமேதான் செய்யணும்" என்று சிரித்தபடி அவள்தான் பூட்டிக் கொடுத்தாள்.

இப்போது அந்தப் பூட்டை எடுக்கக் கட்டளைகளைத் தட்டினாள். வரைபடப் பிரிவில் இருப்பவர்களுக்குப் படிக்கவும் திருத்தவும் அனுமதி. மற்றவர்களுக்குப் படிக்க மட்டும். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஒரு எழுத்துப் பிசகவில்லை. விரல்கள் யாருடையவையோ போல் வேலை செய்தன.

இருபது நிமிஷத்தில் மேஸ்திரி மறுபடி கூப்பிட்டார். "அடைச்சாச்சும்மா. சார் போட்ட இடத்துலயே இருந்துச்சு, ஒரு அடி கூடத் தள்ளல..."

"சரி" என்றாள்.

மதியம் மேலாளர் வந்தார். "சாரோட லாகின எடுத்துடச் சொல்றாங்க. ஃபைலெல்லாம் உங்க பேருக்கு மாத்திக்குங்கம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எனக்குப் படம் வரையத் தெரியாதே சார். மாடியில அவருக்குப் பக்கத்து சீட்டு அக்கா பேருக்கு மாத்திடறேன். அவங்கதான் திருத்தப் போறாங்க."

அப்படியே செய்தாள். கணவர் சொந்தமாக வைத்திருந்த ஒரு ஃபோல்டர் மட்டும் மிச்சம். அவருடைய லாகினை நீக்கும்போது இதையும் அழிக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்றாள். நீக்கி முடித்ததும், பட்டியலில் உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர் போய் 1017 என்ற எண் நின்றது. பெயர் இல்லாதவர்களை அது அப்படித்தான் காட்டும். திறந்து பார்க்க அவளுக்கு அரை நொடி போதும். ஆவலும் இல்லை, பயமும் இல்லை. விட்டுவிட்டாள்.

கிடங்குக்காரர் வந்து நின்றார். பொழுது விடிய மறந்தாலும் பாஸ்வேர்டை மறக்க அவர் மறக்கமாட்டார். புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தாள்.

"சாப்டீங்களாம்மா?" என்றார்.

மணி மூன்றேகால். இல்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.