போன் செய்யாமல் போன சனிக்கிழமை

அரையாண்டு விடுமுறையில் எங்கும் போகவில்லை என்று நான் புலம்பியதால், சென்ற சனிக்கிழமை அம்மா என்னைத் தன்னுடன் அழைத்துப் போனார். அடையாறு, மயிலாப்பூர், தி.நகர், தேனாம்பேட்டை. மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான் வரும். இதையெல்லாம் பயணம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். நான்கு இடங்களுக்குப் போய், ஒரு தப்பும் செய்துவிட்டு வந்திருக்கிறேன். எழுதலாம்.

அம்மா ஓர் அரசுத் துறையில் உதவிப் பொறியாளர். துறையின் பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டார். ஆறு வாரமாக அவருக்குச் சனிக்கிழமைதோறும் வகுப்பு. அரசும் தனியார் நிறுவனமும் சேர்ந்து செய்கிற திட்டங்களுக்கு ஒப்பந்தம் எழுதுவது எப்படி, அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்று அதிகாரிகளுக்குக் கற்றுத்தருகிறார்கள். கட்டுவதும் பராமரிப்பதும் நிறுவனத்தின் வேலை. கேள்வி கேட்பது அரசின் வேலை. கேள்வி கேட்கவும் தனியாகப் படிக்க வேண்டும் என்பது எனக்குப் புதிய செய்தி. அம்மா என்னைப் போலவே மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் படிக்கிறார்.

அன்று கடைசி வகுப்பு. பொதுக் கழிப்பறைகளுக்கான புதிய ஒப்பந்தத்தின் வரைவை மாலை நான்கு மணிக்கு முடிவு செய்யப்போகிறார்கள். கையெழுத்தாகிவிட்டால் பதினைந்து வருடத்துக்கு மாற்ற முடியாதாம். அது முடியும்போது எனக்கு முப்பத்தோரு வயது. பழைய ஒப்பந்தத்தில் நடக்கும் இரண்டு கழிப்பறைகளைப் பார்த்துவிட்டு வந்து அம்மா அங்கே பேச வேண்டும். வழக்கமாகப் பதினொரு மணிக்குத்தான் பார்வையிடப் போவார். அன்று பத்தரைக்கே வகுப்பு என்பதால் விடியற்காலையில் கிளம்பினோம்.

காலை 5.50க்கு அடையாறு டெப்போவில் சாதாரணப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஜன்னல் ஓர இடமும் கிடைத்தது. 6.15க்கு மயிலாப்பூர் குளத்தருகே இறங்கி இரண்டு தெரு நடந்தோம். கழிப்பறைக் கதவில் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு பூட்டு.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "நேத்து ராத்திரி போன் பண்ணிச் சொன்ன இல்ல?"

இதுதான் என் தப்பு. பார்வையிடப் போவதற்கு முதல்நாள் அங்கே வேலை செய்பவர்களுக்குப் போன் செய்து சொல்லிவிடுவது அம்மா அலுவலகத்தில் வழக்கம். சாவியோடு ஆள் இருக்க வேண்டுமே என்கிற மரியாதைதான். வெள்ளிக்கிழமை அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்ததால் அந்தப் போனை என்னைச் செய்யச் சொல்லியிருந்தார். நான் ஒரு நாவலின் கடைசி முப்பது பக்கத்தில் இருந்தேன். சுத்தமாக மறந்துவிட்டேன்.

"உன்ன நம்பி ஒரு வேலை குடுத்தேன் பாரு," என்றார் அம்மா. அதற்குமேல் திட்ட நேரம் கிடைக்கவில்லை. எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா குரல் கொடுத்தார்.

"இன்னா மேடம், பூட்டப் புடிச்சி இழுத்துக்கினு கீறீங்க? பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க."

"இல்லம்மா, நான் வரும்போதெல்லாம் தொறந்துதான் இருக்கும்."

"நீங்க வரசொல்லோ தொறந்து கீது. நான் வரசொல்லோ எங்க தொறந்து கீது?"

அவர் பெயர் செல்வி. முன்பு ஆற்றோரம் குடியிருந்தாராம். இப்போது வீடு இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, செம்மஞ்சேரியில். முதல் பேருந்தைப் பிடித்து ஐந்து மணிக்கெல்லாம் இங்கே வந்துவிடுகிறார். "அப்போன்னா வூட்டுக்கு ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்துருவேன். இப்போ எங்க ஓடறது? பத்து மணி வரிக்கும் தண்ணியே குடிக்க மாட்டேன். பழகிப்போச்சி."

அம்மா அவரிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். பக்கத்து ஓட்டலில் ஆளுக்குப் பொங்கலும் வடையும் எண்பது ரூபாய், காபி முப்பது. பொங்கலில் மிளகு தாராளம். அம்மா பாதியை என் தட்டுக்குத் தள்ளிவிட்டார்.

8.05க்கு ஆட்டோ. பனகல் பார்க் வரை நான்கு கிலோமீட்டர், 120 ரூபாய். (150இல் ஆரம்பிப்பார்கள், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.) நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வந்த ஓட்டுநர், "மேடம் கக்கூஸ் டிபார்ட்மெண்டா?" என்றார்.

"ஏன், நீங்க எங்க போவீங்க?" என்றார் அம்மா.

"எங்களுக்கு இன்னா மேடம், ஊர்ல செவுத்துக்கா பஞ்சம்?" என்றவர், கொஞ்ச தூரம் போனபின், "எங்க வூட்டுக்காரம்மா துணிக்கடைல வேலை செய்யிது. அதுக்குத்தான் கஷ்டம்," என்றார். சொன்ன தொகையே வாங்கிக்கொண்டார்.

தி.நகரிலும் பூட்டு. காத்திருந்தோம். நான் எப்போதும்போல நேரத்தை நோட்டில் எழுதினேன். 8.25 முதல் 9.40 வரை பதினேழு பெண்கள் கதவு வரை வந்து திரும்பினார்கள். பாதிப்பேர் கடைச் சீருடையில்.

9.40க்குப் பராமரிப்பாளர் காஜா பாய் சைக்கிளில் வந்தார். அம்மாவைப் பார்த்ததும் பிரேக்கைப் பிடித்தார். "மேடம்! நேத்து போன் வரலியே, அதான் நிதானமா வர்றேன்."

"பத்து மணிக்குத்தான் தொறப்பீங்களா பாய்?"

"பேப்பர்ல அலுவலக நேரம்னுதானே மேடம் போட்ருக்குது? பத்துலேர்ந்து அஞ்சே முக்கால். நீங்க போன் பண்ற அன்னிக்கு மட்டும் முன்னாடியே வந்து பினாயில் ஊத்திவெப்பேன்." ஒளிக்காமல் சொன்னார். பிறகு எங்களை உள்ளே அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டினார். நிஜமாகவே பளபளவென்று இருந்தது.

அம்மா கைப்பேசியில் ஒப்பந்தத்தைத் திறந்து அந்த வரியைத் தேடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது ஆபீஸ் கட்டடம் கூட்டிப் பெருக்குற ஒப்பந்தத்துலேர்ந்து எடுத்த வரி. அவசரத்துல அப்படியே காப்பி பண்ணினது நான்தான்டி. புது வரைவுலயும் அதே வரிதான் இருக்கு."

வகுப்பு நடக்கும் தேனாம்பேட்டைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். வழி முழுக்க அம்மா கைப்பேசியில் புது வரைவைப் படித்துக்கொண்டே வந்தார். நான் மன்னிப்புக் கேட்டபோது, "சும்மா இரு, யோசிக்கிறேன்," என்றார்.

நான்கு மணிக்கு நான் வகுப்பறையின் கடைசி வரிசையில் இருந்தேன். முன்வரிசையில், கழிப்பறைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தின் சார்பில் ஒருவர். அம்மா பூட்டைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்தார். "மேடம், நீங்க எழுதினபடிதான் நாங்க ஆள் போட்ருக்கோம்."

"தப்பு உங்களோடது இல்ல சார். அந்த வரிய எழுதினது நான். நாலு வருஷமா போன் பண்ணிட்டுப் போய், எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டதும் நான்."

என் காது சூடாகிவிட்டது.

பயிற்சி நடத்தும் மேடம் கேட்டார்: "இன்னிக்கு மட்டும் ஏன் போன் பண்ணல?"

"என் பொண்ணு மறந்துட்டா மேடம்."

எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் நோட்டால் முகத்தை மறைத்தேன். அப்புறம் அந்த நோட்டையே அம்மா வாங்கிப்போய்ப் பதினேழு பேரும் வந்து திரும்பிய நேரத்தை வாசித்தார். செல்வி அக்கா தண்ணீர் குடிக்காததையும் சொன்னார். நிறுவனத்துக்காரர், "ரெண்டு ஷிப்ட் போடணும், விலை கூடும்," என்றார். "கூடட்டும், எழுதிக் கேளுங்க," என்றார் பயிற்சி மேடம். அந்த இடத்திலேயே பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார்கள்: காலை ஐந்து முதல் இரவு பதினொன்று வரை. முன்னறிவிப்பு இல்லாமல் பார்வையிடப்படும். மயிலாப்பூரில் மட்டும் திங்கள் முதலே முயன்று பார்ப்பதாக நிறுவனத்துக்காரரும் ஒப்புக்கொண்டார்.

இதே வழியில் போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஏழு மணிக்கு முன்பே மயிலாப்பூர் போய்விடுங்கள், வெயிலும் கூட்டமும் குறைவு. இருவருக்கும் சேர்த்து ஆன மொத்தச் செலவு, பூவைச் சேர்க்காமல், 420 ரூபாய். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு பார்த்ததை நேரத்தோடு எழுதுங்கள். எதற்கு உதவும் என்று எழுதும்போது தெரியாது. முக்கியமாக, வருகிறோம் என்று யாருக்கும் சொல்லாமல் போங்கள். ஊர் எப்போதும் எப்படி இருக்குமோ அப்படியே அதைப் பார்க்க அதுதான் வழி.

திங்கட்கிழமை ஆறே காலுக்கு நாங்கள் மறுபடி அங்கே இருந்தோம். போன் செய்யவில்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. செல்வி அக்கா எங்களைப் பார்த்து, "எத்தினி நாளிக்கி தொறக்கறாங்கன்னு பாப்போம் மேடம்," என்றார்.

"நானும் அதுக்குத்தான் வருவேன்," என்றார் அம்மா.

அக்காவின் கூடைக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது. பாதி காலி.