கையெழுத்துப் போடாத வாசகர்கள்

அடிக்கோலை வைத்து, சிவப்பு மையில், மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஒரே கோடு. நூலகத்து வருகைப் பதிவேட்டின் குறுக்கே நூலகர் அந்தக் கோட்டை இழுத்தபோது நான் மேஜைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தேன். முப்பத்தெட்டுப் பெயர்கள் அதனடியில் மாட்டிக்கொண்டன. கோட்டின் மேல் ‘இவர்கள் வரவில்லை’ என்று எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பம் வைத்து, மை காயும்வரை மெல்ல ஊதிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “முப்பத்தெட்டுப் பேரும் கதவு நம்பர் வரிசையில வந்திருக்காங்க. ரொம்ப ஒழுங்கான ஊருதான் இது” என்றார். வாக்காளர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று பேனாவால், வலக்கையாலும் இடக்கையாலும் மாற்றி மாற்றி எழுதிய பெயர்கள் அவை. எழுதியவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், ரயில் நின்று போகிற ஒரு சின்ன ஊரின் பஞ்சாயத்து ஆபீசில் நான் குமாஸ்தா. வீட்டு வரிக்கு ரசீது போடுவதும், கூட்டம் நடந்தால் மினிட்ஸ் எழுதுவதும் என் வேலை. அதே வளாகத்தில், ஒரு காலத்தில் அம்மை குத்துவதற்குக் கட்டிய அறையில் கிளை நூலகம் இருந்தது. அறை பஞ்சாயத்தினுடையது, வாடகை கிடையாது. நூலகரைச் சம்பளம் கொடுத்து அனுப்புவது மாவட்டம். பொன்னேரியிலிருந்து காலைப் பாசஞ்சரில் வந்து இறங்குவார் அந்த அம்மா. கரிப்புகை படிந்த முந்தானையை ஒரு முறை உதறிவிட்டு, ஜன்னல்கள் நான்கையும் திறந்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். ஊர் அவரை லைப்ரரி அம்மா என்றது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இன்றும் மனசுக்குள் வேறு பெயர் வருவதில்லை.

அந்த ஆண்டு எங்கள் பக்கத்து வயல்களில் கொடிகள் முளைத்தன. பால் பிடிக்கிற நெல்லுக்கு நடுவில், சிவப்பும் வெள்ளையுமாய்த் துணி கட்டிய கழிகள். சங்கிலி பிடித்து அளந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஜீப்பில் ஏறிப் போனார்கள். தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று தெரியும். யார் நிலத்தின் மேல் வரும் என்று தெரியாது. எடுக்கப்போகிற நிலங்களின் சர்வே எண்கள் கெஜட்டில் வரும், வந்த முப்பது நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம் என்று தாலுகா ஆபீசில் யாரோ சொல்லியிருந்தார்கள். கெஜட் எங்கள் ஆபீசுக்கும் வரத்தான் வரும். வந்த கட்டு பிரிபடாமல் பீரோ மேல் ஏறிவிடும். நூலகத்தில் மட்டும்தான் அது தபால் வந்த அன்றே மேஜைக்கு வரும்.

ஆகவே அவர்கள் வந்தார்கள். மடை திருப்பிவிட்டு, முழங்காலில் சேறு காய்ந்தபடி, குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு, தினமும் இருபது பேர், முப்பது பேர். தபால் வரப் பத்தரை ஆகும். அதுவரை பேப்பர் படிப்பார்கள். படிக்கத் தெரிந்தவர் வாய்விட்டுப் படிக்க, தெரியாதவர் தோள் வழியே எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். களத்துமேட்டுப் பக்கத்தில் பயிர் வைக்கிற பெரிய சம்சாரி ஒருவர், ஊருக்கே நைனா, கெஜட்டுக்காக வந்தவர் ஒரு துப்பறியும் நாவலில் சிக்கிக்கொண்டார். நூலகத்தை விட்டு வெளியே எடுத்துப் போகக்கூடாத ரகம் அது. தினமும் பத்துப் பக்கம் படித்துவிட்டு, “அந்தத் தோட்டக்காரன் மேலதான்மா எனக்கு சந்தேகம்” என்று நூலகரிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போவார். கெஜட் வந்ததும் அறை அமைதியாகும். சேற்று நகம் ஒன்று எண்களின் மேல் ஊர்ந்து போகும். இன்றும் நம் எண் இல்லை. மூச்சு விடுவார்கள். கலைவார்கள்.

வருகைப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்துப் போட மாட்டார்கள். பேனாவை நீட்டினால் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். நைனா ஒரு நாள் விளக்கினார். “கையெழுத்து போட்டா நெலம் பூடும்மா. கவர்மெண்டு நோட்டு எல்லாம் ஒண்ணுதான். இங்க போடறது அங்க போயி ஒட்டிக்கினா நான் யாராண்ட கேக்கறது?” ஸ்டேஷன் மாஸ்டர், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், ஆஸ்பத்திரி கம்பவுண்டர் என்று நிலமில்லாத மூன்று பேர் மட்டும் தினமும் கையெழுத்திட்டார்கள். அறை நிரம்பி வழிந்தது. பதிவேட்டில் மூன்றே பேர். கையெழுத்து இருந்தால்தான் கணக்கு என்பது விதி.

ஏழாவது வார்டு உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்தது அந்த மூன்றை வைத்துத்தான். அவரைக் கெட்டவர் என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். அவர் வார்டில் விளக்குகள் எரியவில்லை, குழாயில் காற்றுதான் வந்தது. தொழிற்சாலை வந்தால் ஆட்கள் வருவார்கள், நூலகத்தை இடித்துவிட்டு ஸ்டேஷன் ரோட்டைப் பார்த்து மூன்று கடை கட்டினால் வாடகையில் விளக்குப் போடலாம் என்பது அவர் கணக்கு. அஜெண்டாவை ஸ்டென்சில் எடுத்தவன் நான். அந்த மதியம், லைப்ரரி அம்மா பின்பக்கம் வேப்பமரத்தடியில் டிபன் டப்பாவைத் திறந்த நேரத்தில், நான் உள்ளே போய்ப் பெயர்களை எழுதினேன். பிறகு நடந்ததுதான் அந்தச் சிவப்புக் கோடு. “அம்மா, நிஜமாவே வர்றவங்கதானே, பேரு மட்டும்தானே பொய்” என்று கெஞ்சினேன். “பேரு பொய்னா ஆளும் பொய்னு ஆயிடும். வர்றவங்களப் பொய்யாக்கிட்டு நான் யாருக்கு இந்த ரூமைக் காப்பாத்தறது?” என்றார். பதிவேட்டை மூடி, நாளைய தேதியைப் போட்டு வைத்தார்.

கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. பொதுமக்கள் வராந்தாவில் நின்று கேட்கலாம் என்று எப்போதும் விதி உண்டு. எப்போதும் யாரும் வந்ததில்லை. அன்று வராந்தா கொள்ளவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பிக்கு வெளியே முகம் முகமாக நின்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “இன்னாய்யா, இன்னிக்கி எவனும் வயலுக்குப் போவலியா” என்றார். “வயலு இருந்தாதானே போறதுக்கு” என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஏழாவது வார்டுக்காரர் பதிவேட்டைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். மூன்று மாதப் பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். “ஒரு நாளைக்கு மூணு பேரு பேப்பர் பாக்கறதுக்கு ஒரு கட்டடம். எங்க தெருவுல பொம்பளைங்க இருட்டுல குடம் தூக்கிக்கினு போறாங்க. ஊரு எதத் தாங்கும், நீங்களே சொல்லுங்க.” பிறகு அடித்த பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். “இத்தப் பாருங்க. பொய்யும் எழுதிக்கிறாங்க. அப்புறம் பயந்துக்கினு அடிச்சிட்டாங்க. யாரு எழுதனது இது?”

லைப்ரரி அம்மா எழுந்தார். “என் மேஜையில இருக்கிற நோட்டு. பொறுப்பு என்னுது” என்றார். அவ்வளவுதான். என் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருப்பேனோ என்னவோ. எழுந்து, “நான்தான் எழுதினேன்” என்றேன். தலைவர் என் மினிட்ஸ் நோட்டைக் காட்டினார். “உக்காரு. இதையும் மினிட்ஸ்ல எழுது” என்றார். என் குற்றத்தை என் கையாலேயே, இந்த முறை ஒரே பேனாவால் எழுதினேன். மறுநாள் அதற்கு மெமோவும் வந்தது. அதை டைப் அடித்தவனும் நான்தான்.

லைப்ரரி அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தார். குரல் உயரவில்லை. “ஐயா, எனக்கு சாதகமா எழுதின முப்பத்தெட்டை நான்தான் அடிச்சேன். அடிச்சதையும் கிழிக்காம வெச்சிருக்கேன். அப்ப மிச்சம் இருக்கிற மூணு நிஜம்னு நீங்க நம்பலாம். மூணு கையெழுத்து நிஜம். வராந்தாவில நிக்கிறவங்களும் நிஜம். அவங்க ஏன் போடலன்னு அவங்களையே கேளுங்க.”

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். “இன்னா நைனா, வர்றீங்க, படிக்கிறீங்க. ஒரு கையெழுத்து போட்டா இன்னா கொறைஞ்சி பூடும்?”

நைனா கம்பியைப் பிடித்துக்கொண்டார். “ஆறு ஏக்கரா கொறைஞ்சி பூடும்.”

சிரிப்பு. ஏழாவது வார்டுக்காரரும் சிரித்துவிட்டார். பின் சமாளித்துக்கொண்டு, “லைப்ரரி நோட்டுக்கும் நெலத்துக்கும் இன்னா சம்பந்தம்? சும்மா பேஜாரு பண்ணிக்கினு” என்றார்.

“சம்பந்தம் இல்லன்னு உங்களுக்குத் தெரியும். எனுக்குத் தெரியணுமே” என்றார் நைனா. “ஒண்ணு பண்ணலாம். தலைவருக்கும் ஏரிக்குக் கீழ நஞ்சை கீது. அங்கயும் கொடி நட்டுக்கிறான். அவரு மொதல்ல போடட்டும். ரெண்டாவது நான் போடறேன். மூணாவது இந்த ஜன்னல்ல நிக்கிறவன் அத்தினி பேரும் போடுவான்.”

பதிவேடு தலைவர் முன்னால் நகர்ந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். நியாயமான மனிதர், ஊரில் எத்தனையோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர். பெயர் எழுதினார். விலாசம் எழுதினார். கையெழுத்துக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பக்கத்தின் மேலே அச்சடித்திருந்த அரசாங்கத் தலைப்பை ஒரு முறை படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். மின்விசிறி தலைக்கு மேல் கிறீச்சிட்டுச் சுற்றியது. வெளியே சரக்கு வண்டி ஒன்று, பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாததுபோல் போய்க்கொண்டிருந்தது. அது முழுதும் போய் முடியும்வரை முனை தாளைத் தொடவில்லை. ஜன்னலில் ஒருவரும் அசையவில்லை. கேலி செய்யவும் இல்லை. அந்தக் கையை அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

தலைவர் பேனாவை மூடினார். “எனுக்கும் கை வரல நைனா” என்றார். பதிவேட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “நானே போடல. இவங்கள நான் இன்னா கேக்கறது?” என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு லைப்ரரி அம்மாவிடம், “நீங்க தலைய எண்ணி எழுதுங்க. எண்ணினது சரின்னு பஞ்சாயத்துலருந்து நான் எழுதித் தரேன்.”

“அதுல கையெழுத்து போடுவீங்களா?” என்றார் நைனா.

ஏழாவது வார்டுக்காரர் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ‘விவாதத்துக்குப் பின் கைவிடப்பட்டது’ என்று எழுதினேன். விவாதம் என்ற ஒரு சொல்லுக்குள் அந்த நின்றுபோன பேனாவை எப்படி நுழைப்பது என்று தெரியாமல், அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு விளக்கு அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக வர வேண்டும் என்று லைப்ரரி அம்மாதான் தலைவரிடம் போய்ச் சொன்னார். வந்தது. ஏழாவது வார்டில் விளக்கும் எரிந்தது.

ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை கெஜட்டில் எண்கள் வந்தன. நகம் நின்றது. நைனா தன் எண்ணை இரண்டு முறை, வேறு யாருடையதோபோல் மெதுவாகச் சொன்னார். லைப்ரரி அம்மா அலமாரியிலிருந்து வெள்ளைத்தாள் கட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். “நான் அரசாங்க சம்பளம் வாங்கறவ. ஆட்சேபணை நான் எழுதக்கூடாது. என்னென்ன எழுதணும்னு சட்டப் புத்தகத்துல இருக்கு, எடுத்துத் தரேன்” என்றார். பிறகு ஜன்னல் வழியே எங்கள் ஆபீசைக் காட்டி, “அங்க ஒருத்தர் விதவிதமா எழுதுவார். கூப்பிடுங்க” என்றார். மதிய இடைவேளைகளில், நான்கு நாள், அந்த நீள மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். ஏரித்தண்ணீர் எந்த மடையில் பிரிகிறது, எத்தனை போகம், கிணறு யாருடையது, எந்த மூலையில் யாரைப் புதைத்திருக்கிறது. ஒவ்வொருவரும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்கள். முடிந்ததும், நான் பேனாவை நீட்டும் முன்பே வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். தலைவரும் போட்டார். கெடு முடிவதற்குள் எல்லோரும் ஒரே பாசஞ்சரில் ஏறி, கட்டோடு பொன்னேரிக்குப் போனார்கள்.

பொட்டல் நிலங்கள் போயின. மேட்டுக் கொல்லைகளும் போயின. எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டோம் என்று சொன்னால் அது என் பழைய வேலையைத் திரும்பச் செய்ததாகும். ஆனால் ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சை, நைனாவின் ஆறு ஏக்கர் உட்பட, அடுத்த பட்டியலில் இல்லை. அதைப் படித்துச் சொன்ன சில மாதங்களில் அந்த அம்மாவைக் கடம்பத்தூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். வழியனுப்ப வந்த கூட்டத்தைப் பார்த்து, ஏதோ கல்யாணக் கோஷ்டி என்று நினைத்து, ரயில் கார்டு வண்டியை ஒரு நிமிஷம் கூடுதலாக நிறுத்தினார்.

போன வாரம் அந்தப் பக்கம் போய்த் திரும்பினேன். இப்போது மின்சார ரயில். இரண்டு பக்கமும் மதில்கள், தகரக் கூரைகள், புகைபோக்கிகள், லாரிகளின் வரிசை. நடுவில் சட்டென்று மதில் அறுந்து, ஏரிக்கரையிலிருந்து தண்டவாளம் வரை பச்சை விரிந்தது. கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிய இளைஞன் ஒருவன் எதிர் சீட்டில் இருந்தான். தினமும் போகிறவனாம். “இங்க மட்டும் எப்படி சார் வுட்டு வெச்சாங்க?” என்றான். “ஒரு அம்மா பொய் எழுத மாட்டேன்னுட்டாங்க தம்பி” என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பொன்னேரியில் இறங்க வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள் என்றான். முதலிலிருந்து தொடங்கினேன். பொன்னேரி வந்தது, கூட்டம் இறங்கியது, ஏறியது, வண்டி புறப்பட்டது. அவன் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, “அப்புறம் தலைவர் போட்டாரா, போடலியா?” என்றான்.