ஏழு வரை எண்ணியவர்

எரியக்கூடிய பொருளை எரியாமல் செய்வதுதான் ஏவால்ட் ஹெஸ்மெர்ட்டின் வேலை. ஜெர்மனியின் லூடன்ஷைட்டில் பாதி ஊர் சுவிட்சும் பிளக்கும் செய்து பிழைக்கிறது, மீதி ஊர் அவற்றுக்குத் திருகாணி செய்கிறது. அந்த சுவிட்சுகளுக்கு வேண்டிய பிளாஸ்டிக் குருணையைக் கலந்து கொடுக்கும் சின்னத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் அவர் இருந்தார். படித்து முடித்த கையோடு சேர்ந்தவர், தலை நரைத்த பிறகும் அங்கேயே. அவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் இருட்டில் சுவரைத் தடவி விளக்குப் போடுகிறவர் யாராக இருந்தாலும், ஏவால்ட் கலந்த ஏதோ ஒன்றின் மேல்தான் விரல் வைத்திருப்பார். அதில் அவருக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு. வெளியே காட்டமாட்டார். அந்த ஊர்க்காரர்கள் எதைத்தான் வெளியே காட்டினார்கள்?

அவருடைய தலைவலிக்குப் பெயர் வெள்ளை. முன்பெல்லாம் அந்த நைலான் குருணையில் புரோமின் சேர்த்தால் போதும், தீ பிடிக்காது, நிறமும் கெடாது. தொண்ணூறுகளில் எல்லோரும் புரோமின் வேண்டாம், புகை விஷம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நியாயமான பேச்சுதான். அதற்குப் பதில் சிவப்பு பாஸ்பரஸ் சேர்க்கலாம், நன்றாகவே தீயை அடக்கும், ஆனால் குருணை செங்கல் நிறத்தில் வரும். செங்கல் நிறத்தில் சுவிட்ச் வைத்தால் எந்த வீட்டுக்காரி வாங்குவாள்? உறுதிக்காகக் கண்ணாடி இழையையும் கலந்தாக வேண்டும், அந்த இழையோ திரி மாதிரி தீயை மேலே இழுத்துவிடும். வெள்ளையாகவும் இருக்க வேண்டும், உறுதியாகவும் இருக்க வேண்டும், எரியவும் கூடாது. மூன்றில் இரண்டு கிடைக்கும்போதெல்லாம் மூன்றாவது கையை விட்டுப் போனது.

ஒவ்வொரு கலவையையும் மெல்லிய பட்டையாக வார்த்து, கண்ணாடிக் கூண்டுக்குள் செங்குத்தாகத் தொங்கவிடுவார்கள். அடியில் ஒரு பிடி பஞ்சு. பட்டையின் நுனியில் பர்னரைப் பத்து விநாடி காட்டிவிட்டு விலக்க வேண்டும். பிறகு யாரும் எதையும் தொடக் கூடாது. புகை உறிஞ்சும் விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, பட்டை தானாக அணைகிறதா என்று எண்ணிக்கொண்டே பார்க்க வேண்டும். பத்துக்குள் அணைந்தால் தேறியது. பத்தைத் தாண்டினாலும், உருகி ஒழுகிய சொட்டு பஞ்சைப் பற்றவைத்தாலும் தேறவில்லை. நிறுத்துக்கடிகாரம் கையில் இருந்தாலும் ஏவால்ட் உதட்டால் எண்ணுவார்.

எண்ணும் நேரத்தில் தும்மினாலோ பேசினாலோ சுடர் ஆடிவிடும், சோதனை வீண். ஆட்டிவிட்டவர் மறுநாள் காலை எல்லோருக்கும் பச்சைப் பன்றிக்கறியும் வெங்காயமும் தடவிய ரொட்டி வாங்கி வர வேண்டும் என்பது அந்த ஆய்வுக்கூடத்து வழக்கம். குருணை உருக்கும் இயந்திரத்தில் நின்ற நூரெட்டின் பன்றி தின்னமாட்டார், அவருக்கு மட்டும் சீஸ் ரொட்டி.

"யாராச்சும் தும்மித் தொலைங்கப்பா. சீஸ் ரொட்டி தின்னு எவ்வளவு நாளாச்சு" என்பார் நூரெட்டின்.

"உன் மிஷின்ல இருந்து வர்ற தூசிக்கு நாங்க நாள் முழுக்கத் தும்மணும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வேலை பாக்குறோம்" என்பார் ஏவால்ட்.

உண்மையில் ஏவால்ட் ஒருமுறைகூட ரொட்டி வாங்கியதில்லை. சுடர் எரியும்போது அவருக்கு மூச்சே இருக்காது என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர் மனைவி மெக்டில்ட் நேர் எதிர். நூலகத்தில் வேலை பார்த்தாலும் சத்தமாகப் பேசுகிறவள், சத்தமாகச் சிரிக்கிறவள், கணவரின் தொழிலை ஒரு நாளும் பெரிதாக மதித்தவள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுக்கும் ஒவ்வொன்றாக ஏற்றும் மெழுகுவர்த்தி வளையத்தை அவளே ஃபர் மரக் கிளை ஒடித்துக் கட்டுவாள். கடையில் விற்பது பிணத்துக்கு வைக்கிற மாலை மாதிரி இருக்கிறது என்பது அவள் கட்சி. வருஷா வருஷம் அதன் மேல் ஒரு சண்டை நடக்கும்.

"கிளை காஞ்சு போச்சு மெக்டில்ட். தொட்டா உதிருது."

"ஒவ்வொரு வருஷமும் காயுது, ஒவ்வொரு வருஷமும் சொல்லுறே. எரிஞ்சுச்சா?"

"எரியுற வரைக்கும் எதுவும் எரியாதுதான்."

"ஊர்ல இருக்குற எல்லாத்தையும் எரியவிடாம பண்ணிட்டே. என் மெழுகுவர்த்தியையாவது விட்டுவை."

அந்த வருஷம் அவள் ஒரு ஊதா நிற ஸ்வெட்டர் வாங்கியிருந்தாள். அக்ரிலிக், தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். ஏவால்ட் அதன் உள்தையலிலிருந்து ஒரு நூலை இழுத்துப் போய் ஆய்வுக்கூடத்தில் கொளுத்திப் பார்த்துவிட்டு வந்து, "பொசுக்குனு பிடிக்குது, ஒழுகவும் செய்யுது. இதைப் போட்டுக்கிட்டு அடுப்புப் பக்கம் போகாதே" என்றார். "துணி வாங்கினாலே கொளுத்திப் பாக்குற மனுஷனை நான்தான் கட்டியிருக்கேன்" என்று அவள் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தாள். அடுப்புப் பக்கம் போகாமல்தான் இருந்தாள்.

மூன்றாவது ஞாயிறு மதியம். காபி, வெண்ணெய் தடவிய ஸ்டொலன் கேக், மூன்று மெழுகுவர்த்தி. வெளியே வழக்கமான மழை. ஏவால்ட் சாப்பிட்டு முடித்த தட்டை எடுக்க மெக்டில்ட் மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினாள். ஸ்வெட்டர் கை தொளதொளவென்று மூன்றாவது மெழுகுவர்த்தியின் மேல் தொங்கியது. பற்றிக்கொண்டது.

அவள் உடனே கத்தவில்லை. என்ன இது என்பதுபோலக் கையைத் தூக்கிப் பார்த்தாள். சுடரிலிருந்து கை விலகியது.

ஏவால்ட் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சுடர் விலகிவிட்டது, இனி தொடக் கூடாது, தானாக அணைகிறதா பார்க்க வேண்டும். முப்பது வருஷமாக அந்த உடம்புக்குச் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான். உடம்பு மூச்சை அடக்கியது, அசையாமல் இருந்தது, எண்ணியது. ஊதாநிறச் சொட்டு ஒன்று உருகி மேஜை விரிப்பில் விழுந்து சின்னதாக எரிந்தது. பஞ்சு பற்றிவிட்டது, தேறவில்லை என்று உள்ளே ஏதோ குறித்துக்கொண்டது. அப்போதும் எழவில்லை. தீ முழங்கையைத் தாண்டித் தோளுக்கு ஏறிக் கழுத்தடியைத் தொட்டபோது மெக்டில்ட், "ஏவால்ட்" என்று அலறினாள். அவர் ஏழு வரை எண்ணியிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் சரிதான். மேஜை விரிப்பைப் பாத்திரங்களோடு உருவி அவள் மேல் போர்த்தினார், வெறும் கையால் அமுக்கினார், குளியலறைக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்தார், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அவருடைய இரண்டு உள்ளங்கையும் வெந்து தோல் உரிந்தது.

தீக்காயத்துக்கென்று இருக்கும் மருத்துவமனை இரண்டு ஊர் தள்ளி. பெர்லினிலிருந்து மகள் அல்முட் ஓடி வந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் சூப் கொண்டு வந்து வாசலிலேயே நின்று, "விரிப்பைப் போட்டு வெறுங்கையால அமுக்கினீங்களாமே. வேற யாரா இருந்தாலும் பதறிப் போயிருப்பாங்க" என்றாள். பதறாததுதான் தன் குற்றம் என்று கட்டுப்போட்ட கையோடு நின்றவரால் சொல்ல முடியவில்லை. சூப்புக்கு நன்றி சொன்னார்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள் மெக்டில்ட்டுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. அல்முட் காபி குடிக்கக் கீழே போயிருந்தாள். மெக்டில்ட் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் உதடு அசைஞ்சுச்சு" என்றாள்.

ஏவால்ட் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எண்ணிக்கிட்டு இருந்தே. இல்ல?"

"ஆமா."

"எது வரைக்கும்?"

"ஏழு."

அவள் கூரையைப் பார்த்தாள். "தேறுச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"நீதான் அப்பவே சொன்னியே" என்று சிரிக்கப் போனாள், கழுத்துத் தோல் இழுத்துப் பிடித்ததில் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஏவால்ட் அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

"என்னைத் திட்டிடு மெக்டில்ட். வாய்க்கு வந்தபடி திட்டு."

"தெம்பு வரட்டும், திட்டுறேன். அல்முட்கிட்ட மட்டும் சொல்லாதே. அவ உன்னை வேற மாதிரி பாப்பா. எனக்கு அது வேணாம்."

தெம்பு வரவில்லை. காயத்தில் கிருமி ஏறி, ஜனவரிக் கடைசியில் மெக்டில்ட் இறந்துபோனாள். திட்டு வாங்காமலே ஏவால்ட் தனியாகிப் போனார், அதைவிடப் பெரிய தண்டனை அவருக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் காபிக்கும் கேக்குக்கும் உட்கார்ந்தபோது அல்முட் எழுந்து பேசினாள். அம்மாவின் சிரிப்பைப் பற்றிச் சொன்னாள், எல்லோரும் சிரித்து அழுதார்கள். கடைசியில், "அம்மாவுக்கு ஒரு மாசமாவது கிடைச்சுதுன்னா அது அப்பாவாலதான். அவர் கையைப் பாருங்க" என்றாள். எல்லோரும் பார்த்தார்கள். ஏவால்ட் கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனார். அடக்கம் உள்ள மனுஷன் என்று ஊர் பேசிக்கொண்டது.

மார்ச்சில் வேலைக்குத் திரும்பினார். வெள்ளையில் ஒரு புதுக் கலவை அவருக்காகக் காத்திருந்தது. பட்டையைத் தொங்கவிட்டார், பஞ்சை வைத்தார், விசிறியை நிறுத்தினார், பர்னரைப் பத்து விநாடி காட்டி விலக்கினார். பட்டையின் நுனியில் ஒரு சின்ன மஞ்சள் சுடர் நின்றது. மறுகணம் அவர் கை கூண்டுக்குள் போய், புதுத்தோல் வந்த அந்த உள்ளங்கையால் அதைப் பொத்தி நசுக்கியது.

இன்னொரு பட்டை தொங்கவிட்டார். அதையும் நசுக்கினார்.

மறுநாள் காலை ரொட்டி வாங்கி வந்து மேஜையில் பரப்பினார், நூரெட்டினுடையதைத் தனியாகச் சுற்றி வைத்தார். அதற்கடுத்த நாளும் வாங்கினார். மூன்றாம் நாள், "வேணாம் ஏவால்ட், விடு" என்றார் நூரெட்டின்.

"வழக்கம் வழக்கம்தானே."

"யாரும் தின்னல, பாரு. தொண்டையில இறங்கல." நூரெட்டின் அவர் கையிலிருந்து பர்னரை வாங்கிக்கொண்டார். "நான் காட்டுறேன். நீ வெளியில நில்லு. அணைஞ்சதும் கூப்பிடுறேன்."

அப்படித்தான் ஆனது. கலவையை ஏவால்ட் போடுவார், கொளுத்தும் நேரத்தில் நடைகூடத்துக்குப் போய் ஜன்னலைப் பார்த்து நிற்பார். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் வெள்ளை தேறியது. சோதனைக்கு வேண்டிய ஐந்து பட்டையும், பஞ்சில் ஒரு சொட்டு விழாமல். நூரெட்டின் கதவைத் திறந்து, "எதுவும் ரெண்டு விநாடியைத் தாண்டல" என்றார். வாழ்நாள் முழுக்கத் தேடியது கிடைத்த மனிதர் நடைகூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நூரெட்டின் அப்படி நினைக்கவில்லை, கதவை மெல்லச் சாத்தினார்.

டிசம்பரில் அல்முட் வந்தாள். கையில் ஒரு மெழுகுவர்த்தி வளையம், கடையில் வாங்கியது. நாலு மெழுகுவர்த்தியும் பிளாஸ்டிக், அடியில் பேட்டரி. மூன்றை எரியவிட்டு மேஜையில் வைத்தாள், போலிச் சுடர்கள் அழகாகவே நடுங்கின. ஏவால்ட் நாலாவதைக் கழற்றி, தொழில் பழக்கத்தில் கவிழ்த்துப் பார்த்தார்.

"எரியாதுப்பா. பாத்துத்தான் வாங்கினேன்."

"எரியும்மா. எல்லாமே எரியும். எவ்வளவு நேரத்துல அணையுதுங்கறதுதான் கணக்கு" என்றார். பிறகு, மெக்டில்ட் சொல்லாதே என்று தடுத்திருந்ததைச் சொல்லிவிட்டார். அலங்காரம் இல்லாமல், நடந்தது நடந்தபடி. கை பற்றிக்கொண்டதையும், தான் உட்கார்ந்திருந்ததையும், எண்ணியதையும்.

அல்முட் கேக் தட்டைத் தள்ளி வைத்தாள். "எது வரைக்கும்?" என்று கேட்டாள். அம்மாவின் அதே கேள்வி, அதே குரலில்.

"ஏழு."

அவள் தலையை நிமிர்த்திச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். விநாடி முள் போய்க்கொண்டிருந்தது. அவள் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் அவளுடைய கை, தீயை அமுக்கப் போவதுபோல, தானாக மேஜைக்குக் குறுக்கே பாதி தூரம் வந்துவிட்டது, இழுத்துக்கொண்டாள். ஏழு வரைக்கும் முழுசாக எண்ணி முடித்தாள்.

"ரொம்ப நேரம்ப்பா அது" என்றாள்.

"ஆமாம்மா" என்றார் ஏவால்ட்.