செஞ்சியில் அழித்த கோல்

இந்தியக் கால்பந்து அணியின் மேனேஜரை எப்படி நீக்குவது என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அதை ஒரே மாலையில் செய்து முடித்தார்கள். அறுபதுகளில், நான் செஞ்சி தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது நடந்தது. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அந்த மேனேஜர் அனந்தபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மாதா கோயில் மைதானத்தில் வெறுங்காலோடு ஆடக் கற்று, ரயில்வேயில் வேலைக்குப் போய், இந்தியாவுக்காக ஆடினார். முழங்கால் போன பிறகு ரயில்வே ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் ஜெயிக்கத் தொடங்கியதும் இந்திய அணியே அவரிடம் வந்தது. மேனேஜர் என்றால் அன்று பயிற்சி கொடுப்பவரும் அவர்தான், ரயிலில் பெட்டிகளை எண்ணி ஏற்றுபவரும் அவர்தான். ஆனால் பதவி நிரந்தரமில்லை. ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்துக்கும் தேர்வுக் குழு புதிதாக ஒரு பெயரை முடிவு செய்யும். அந்தக் குழுவில் கடைசிப் பேச்சு சென்னையிலிருந்த ஒரு பெரிய மனிதருடையது.

அந்த வருடம் பயணத்துக்கு முன்பு சென்னையில் அவர் முகாம் நடத்தினார்; பயணத்துக்கான மேனேஜர் பெயர் இன்னும் முடிவாகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அணியைச் செஞ்சிக்கு அழைத்து வந்து எங்கள் ஊர் அணியோடு ஆட வைக்கிறேன் என்று மேனேஜர் சொன்னார். ஊர் மேல் அவ்வளவு பாசம். நம்மவர்கள் உடனே வரவேற்புக் குழு அமைத்தார்கள். பெரிய மனிதர் முதல் பந்தை உதைத்துத் தொடங்கிவைப்பார் என்று நோட்டீஸ் அடித்தார்கள்.

நாலு மணிக்கு ஆட்டம். ஐந்தரை ஆகியும் பெரிய மனிதரின் கார் வரவில்லை. ராஜகிரி மலையின் நிழல் பாதி மைதானத்துக்கு வந்துவிட்டது. மேனேஜர் பஞ்சாயத்துத் தலைவரிடம் வந்தார்.

"அண்ணே, வெளிச்சம் பூடும். பசங்க காலும் எறுகிப்பூட்டுது. ஆரம்பிச்சிடலாம்."

"இன்னா தம்பி, பொண்ணு மாப்ள வராமலே தாலி கட்டச் சொல்றியா?"

"தாலி கட்டறது நாங்கதான் அண்ணே. அவரு அட்சத போட வர்றவரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. மேனேஜர் கையசைக்க, நடுவராக இருந்த உயர்நிலைப் பள்ளி டிரில் மாஸ்டர் விசிலை ஊதினார்.

இந்திய ஆட்கள் விளையாட்டாகத்தான் ஆடினார்கள். எங்கள் அணியில் கடலை மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவன் இருந்தான். தடுப்பவர்கள் அசட்டையாக நின்ற நேரத்தில் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடி ஓர் உதை உதைத்தான். இந்தியாவின் கோல்கீப்பர் கையைத் தூக்குவதற்குள் பந்து உள்ளே போய்விட்டது. ஜனம் மைதானத்துக்குள் ஓடி அவனைத் தூக்கிக்கொண்டது. கரும்பலகையில் ஒன்று, பூஜ்யம் என்று எழுதினார்கள்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் கார் வந்து நின்றது. பெரிய மனிதர் இறங்கிப் பலகையைப் பார்த்தார். "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். எங்கள் தாசில்தாரும் தலைவரும் மைதானத்துக்குள் ஓடினார்கள். அவர்கள் அப்படி ஓடி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"இதுவரிக்கும் ஆடனது பிராக்டிஸு. ஐயா ஒதைச்ச பொறவுதான் மேட்ச்சு" என்றார் தலைவர்.

மேனேஜர் பொறுமையாகவே பேசினார். "கோல் விழுந்தா பந்த நடுவுலதான் வைப்பாங்க. இப்ப அங்கதான் இருக்குது. ஐயா வந்து ஒதைக்கட்டும், சந்தோஷம். ஆனா ஆட்டம் ஒண்ணு, சைபர்ல இருந்துதான்."

இதைவிட ஒழுங்கான வழி இருக்க முடியாது. யாருக்கும் அவமானமில்லை, விதியும் கெடவில்லை. நான் தாசில்தார் காதருகே போய் இதைச் சொன்னேன்.

"யோவ், நீ உன் டேபிளப் பாரு" என்றார்.

தலைவர் விடவில்லை. "மொதல் பந்துன்னு நோட்டீஸ்ல போட்டிருக்குது தம்பி. ரெண்டாவது பந்த ஒதைக்கவா அவரு மெட்ராஸ்லேர்ந்து வந்தாரு? அதுவும் உன் டீம் மேல விழுந்த கோலு. அழிச்சா உனக்குத்தானே லாபம்?"

"லாப நஷ்டம் மண்டியில பாருங்க. கோல் விழுந்துச்சு."

மூட்டை தூக்குகிறவன் நடுவில் புகுந்தான். "உட்டுடு அண்ணே. வேற ஒண்ணு போட்டுக்கறேன்."

"போடு. அது ரெண்டாவது" என்றார் மேனேஜர்.

தாசில்தார் ஜாடை காட்ட, டிரில் மாஸ்டரே போய்ப் பலகையைத் துடைத்தார். மேனேஜர் ஒரு நிமிடம் அதைப் பார்த்துவிட்டுத் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறினார். பெரிய மனிதர் ஆளில்லாத பக்கத்தை நோக்கிப் பந்தை உதைத்தார். கைதட்டினார்கள். சற்று முன்பு அந்தக் கோலுக்காகத் தொண்டை கிழியக் கத்திய அதே ஜனம், "பெரிய ஆளாயிட்டாரு, திமிரு" என்று பஸ்ஸைப் பார்த்துக் கத்தியது. அது யாருடைய கோல், யாருக்காக அவர் பதவியைப் பணயம் வைத்தார் என்று ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

அந்தப் பயணத்துக்குப் பெரிய மனிதரின் சகலை மேனேஜராகப் போனார். அவர் கால்பந்தைத் தொட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அணி எல்லா ஆட்டத்திலும் தோற்றுத் திரும்பியது.

கிறிஸ்துமஸுக்கு நம் பழைய மேனேஜர் ஊருக்கு வந்தபோது, மேல்முறையீடு எழுதித் தருகிறேன் என்று அவர் வீட்டுக்கே போனேன். எனக்குத் தெரிந்த ஒரே சண்டை அது.

"எதை எதுத்து எழுதுவீங்க சார்?" என்று கேட்டார். "என்னை நீக்கினதா ஒரு காயிதமும் வரலியே."

நான் யோசித்துப் பார்த்தேன். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, உத்தரவு இல்லை. முந்தைய பயணம் முடிந்தது, அடுத்த பயணத்தில் அவர் பெயர் இல்லை. ஓர் உத்தரவு இருந்தால் அதைக் கிழித்து நார்நாராக்க எனக்குத் தெரியும். நீக்கப்படாத ஒருவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி யாருக்கு எழுதுவது? இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் முட்டாள்கள் அல்ல.

அவர் ஓய்வு பெறும்வரை ரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்தார். இந்திய அணிக்கு யாரும் அவரை மறுபடி கூப்பிடவில்லை.